லோரியில் சமையல்: இனிப்பு நீர் உள்ள ஓட்டுநருக்கு மருத்துவர் பதில்

கேள்வி: பீடோருக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். வயது 47. மில்லிலிருந்து பாமாயில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகத்துக்கும், சில நாள் பாசிர் கூடாங்குக்கும் டேங்கர் லோரி ஓட்டுகிறேன். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது. மெட்ஃபோர்மின், கிளிக்லசைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.6%. சோறுதான் காரணம் என்று வழியில் சோற்றை விட்டு ரொட்டி சானாய் சாப்பிடுகிறேன், குறையவில்லை. மதியத்துக்குப் பிறகு கண் சொக்குகிறது. வீட்டில் விடியற்காலை 4 மணிக்குக் கட்டிக் கொடுக்கும் சோறு மதியத்துக்குள் கெட்டுப்போகிறது. சின்ன கேஸ் அடுப்பு வாங்கி லோரியிலேயே சமைக்கலாமா? என்ன செய்து சாப்பிடலாம்?

பதில்: அடுப்பு வேண்டாம் ஐயா. கேபினுக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. என்ன ஏது என்று புரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார். வெயிலில் நிற்கும் லோரிக்குள் கேஸ் டின் சூடேறி வெடிக்கவும் கூடும். கீழே இறங்கி நின்று சமைத்தாலும், பெரிய சட்டியை வைத்து டின் இருக்கும் பக்கத்தை மூடிவிட்டால் அதே ஆபத்துதான். மில்லிலும் துறைமுகத்திலும் நெருப்பு மூட்ட விடவும் மாட்டார்கள்.

அடுத்து ரொட்டி சானாய். மைதா மாவும் எண்ணெயும்தான் அது. ஒன்றிலேயே ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. சோற்றுக்குப் பதில் இரண்டு ரொட்டி என்றால் மாவுச்சத்து குறையவே இல்லை, கொழுப்புதான் கூடியிருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது: ரொட்டியோடு என்ன குடிக்கிறீர்கள்? கட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 11 கிராம் சர்க்கரை. ஒரு தே தாரிக்கில் (கட்டிப்பால் கலந்து ஆற்றிய தேநீர்) இரண்டு கரண்டி விழுந்தால் 4 தேக்கரண்டி சீனிக்குச் சமம். தூக்கம் வராமலிருக்க நாளைக்கு 4 கிளாஸ் குடிப்பவர் 16 தேக்கரண்டி சீனியைக் குடித்துவிட்டுச் சோற்றைக் குறை சொல்கிறார். கடையில் 'தே ஓ கோசோங்' அல்லது 'கோப்பி ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாதது) என்று கேளுங்கள். 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றால் கடைக்காரர் கை போன போக்குத்தான். வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் இதை மட்டும் நாளையே மாற்றிவிடுங்கள்.

இனி சமையல். மூன்று சாமான் போதும்: வாய் அகன்ற 1 லிட்டர் ஃபிளாஸ்க், ஐஸ் பெட்டி, கரண்டில் சூடாகும் சாப்பாட்டுப் பெட்டி.

சாப்பாட்டுப் பெட்டி வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். கார் 12 வோல்ட், உங்கள் லோரி 24 வோல்ட். காருக்கு விற்கும் பெட்டியை லோரியில் சொருகினால் நாலு மடங்கு சூடேறிக் கருகிவிடும். 24 வோல்ட் என்றே எழுதியிருக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் 10 ஆம்பியர் என்றால் அது தாங்குவது 240 வாட்தான். 500 வாட் வீட்டு ரைஸ் குக்கரை இன்வர்ட்டர் வைத்து அதில் மாட்டினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸைப் பெரிதாக மாற்றினால் வயரே உருகும். சாப்பிட நிறுத்துவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, இன்ஜின் ஓடும்போதே சுவிட்சைப் போடுங்கள். பெட்டியைப் பக்கத்து இருக்கைத் தரையில் கட்டி வையுங்கள். பெடல் பக்கம் உருண்டு வந்துவிடக் கூடாது.

காலையில் பசியாற, பாசிப்பயறு. 70 கிராம், அதாவது ஒரு கைப்பிடிக்குச் சற்று மேல், முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். காலையில் கிளம்புமுன் வீட்டு அடுப்பில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். அந்த நேரத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி மூடி வைத்து, பிறகு கொட்டிவிடுங்கள். இதை விட்டால் குளிர்ந்த ஃபிளாஸ்க் சூட்டைத் தானே குடித்துவிடும், பயறு நறுக்கு நறுக்கென்று நிற்கும். கொதிக்கும் தண்ணீரோடு பயற்றை ஊற்றி, கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். மேலே காலி இடம் விட்டாலும் சூடு இறங்கிவிடும். மூன்று மணி நேரத்தில் பதமாக வெந்திருக்கும். தண்ணீரை வடித்து, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கரண்டி தேங்காய்ப்பூ, அரை எலுமிச்சை, துளி உப்பு. 16 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் கிடைக்கும். மதியம்வரை வயிறு கிள்ளாது.

இதே முறையில் சிவப்பு ராஜ்மாவை மட்டும் செய்யாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு அழிய, ஊறிய பிறகு புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது நன்றாகக் கொதித்து, பிறகு மெத்தென்று வேக வேண்டும். ஃபிளாஸ்க்கின் மிதமான சூட்டில் பாதி வெந்த ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். நெடுஞ்சாலையில் அது எப்படிப்பட்ட அவஸ்தை என்று உங்களுக்குத் தெரியும்.

மதியச் சோறு கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடந்தால் கிருமி பெருகும். 4 மணிக்குச் சுடச்சுடக் கட்டிய பொட்டலம் 1 மணிவரை அந்த நடுச்சூட்டில்தான் கிடக்கிறது. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வாடை வராவிட்டாலும் அந்தச் சோறு ஆகாது. ஓய்வு நாளில் ஒரேயடியாகச் சமைத்து, ஆறியதும் தாமதிக்காமல் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக ஃபிரீசரில் கட்டியாக்குங்கள். ஒரு டப்பாவுக்குச் சோறு 150 கிராம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம். தேங்காய்ப்பால் இல்லாத கோழி அல்லது மீன் ஒரு உள்ளங்கை அளவு. மீதி கோஸ், பயற்றங்காய், சாவிக் கீரை என்று காய்கறி. சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' தட்டு இதுதான்: கால் சோறு, கால் மீன் இறைச்சி, பாதி காய்கறி பழம். டப்பாவை உறைந்த தண்ணீர் போத்தல் இரண்டோடு ஐஸ் பெட்டியில் வையுங்கள். போத்தல் உருகியதும் குடிக்கலாம். சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும், வெதுவெதுப்பு போதாது.

பாசிர் கூடாங் போகும் நாளில் இரவுக்கு, தக்காளிச் சாற்றில் உள்ள 155 கிராம் சார்டின் டின் ஒன்று. பாதிச் சாற்றை வடித்துவிட்டால் உப்பு குறையும். வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சை பிசறி, முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டோடு சாப்பிடுங்கள். திறந்த டின்னை மிச்சம் வைக்காதீர்கள். மேகி தவிர்க்க முடியாத நாளில் தூளில் பாதியைப் போட்டு, ஃபிளாஸ்க் வெந்நீரில் ஊறவைத்து, வீட்டில் அவித்த முட்டை இரண்டைச் சேருங்கள். முட்டை ஓட்டோடு ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். கொறிக்க, உங்கள் ஊர்க் கொய்யாவை மிஞ்சி எதுவும் இல்லை: 100 கிராமில் 5 கிராம் நார்ச்சத்து. ஒரு வேளைக்குப் பாதிப் பழம், ஆசாம் பூய் தூள் (உப்பும் இனிப்பும் சேர்ந்த புளிப்புப் பழத் தூள்) தொடாமல்.

கண் சொக்குவதில் சாப்பாட்டின் பங்கு பாதிதான். பிற்பகல் 2 முதல் 4 மணிவரை உடம்பே தூக்கம் கேட்கும். ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) நிறுத்தி ஒரு கோப்பி ஓ கோசோங் குடித்துவிட்டு 20 நிமிடம் கண்மூடுங்கள். விழிக்கும் நேரத்தில்தான் கோப்பி வேலை செய்யத் தொடங்கும். அப்படியும் தீரவில்லை என்றால், இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தால் எந்தச் சாப்பாடும் அதைச் சரிசெய்யாது.

கடைசியாக மாத்திரை. மெட்ஃபோர்மின் தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்துவது அரிது, கிளிக்லசைடு தாழ்த்தக்கூடும். அதைப் போட்டுக்கொண்டு, ஏற்றி இறக்கும் வரிசையில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டுமுன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள்: 5.0 mmol/Lக்கு மேல் இருந்தால்தான் சாவியைத் திருப்ப வேண்டும். வழியில் கை நடுங்கி வேர்த்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள்; 4.0க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. சரியானதும் ஏதாவது சாப்பிட்டு, 45 நிமிடமாவது கழித்துதான் ஓட்ட வேண்டும்.

தே தாரிக்கையும் ரொட்டி சானாயையும் நிறுத்தினால் உங்கள் சர்க்கரை தானாகவே இறங்கும். அப்போது இப்போதைய கிளிக்லசைடு அளவு உங்களுக்கு அதிகமாகிவிடலாம். ஆகவே மாற்றத்தைத் தொடங்குமுன்பே கிளினிக்கில் சொல்லி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பசியாறுமுன்னும் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும் எடுத்த அளவுகளை எழுதிக் கொண்டுபோனால் டாக்டர் முடிவெடுக்க அதுவே போதும்.