வியாழக்கிழமை மதியமே கேட்டுவிடுங்கள்

கேள்வி: மியூனிக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்காக வந்திருக்கிறேன். நான்கு வாரம் ஆகிவிட்டது. வேலை பிடித்திருக்கிறது, எல்லாரும் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனதும் ‘நல்ல வார இறுதி’ என்று வாழ்த்திவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள். இதுவரை யாரும் என்னை எங்கும் கூப்பிடவில்லை. சனி, ஞாயிறு முழுக்க அறையில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அடுத்த மாதம் பிறந்தநாள் வேறு வருகிறது. என்னை யாருக்கும் பிடிக்கவில்லையோ?

பதில்: இல்லைம்மா, அப்படி நினைக்காதீர்கள். பதினோரு வருடத்துக்கு முன் இதே ஊருக்கு இதே மாதிரி மூன்று மாதத்துக்கு வந்தவள் நான். என்னுடைய முதல் மாதமும் இப்படித்தான் கழிந்தது. ஒரு ஞாயிறு காலை ரொட்டி தீர்ந்துபோய் வெளியே போனால், தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகளுக்கு விடுமுறை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடையில் வாங்கிக்கொண்டு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வேலை முடிந்த பிறகான பொழுதுக்கு இவர்கள் ‘ஃபையராபெண்ட்’ என்று தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொழுது அவரவருடையது. அதற்குள் உங்களைக் கூப்பிட்டால் தொந்தரவாக இருக்குமோ என்றுதான் பலர் தயங்குகிறார்கள். தவிர, அவர்களுடைய சனிக்கிழமைகள் பல நாள் முன்பே நிரம்பிவிடும். வெள்ளி மாலை போய் ‘நாளைக்கு எங்காவது போகலாமா’ என்றால் யாரிடமும் நேரம் இருக்காது.

ஆகவே வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜையிலேயே கேட்டுவிடுங்கள். ‘எங்காவது’ என்று கேட்காமல் இடம், கிழமை, ரயில் நேரம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். யாரும் வராவிட்டாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்பது தெரிய வேண்டும். நான் அப்படித்தான் ஒரு வியாழன் கேட்டேன்: “சனிக்கிழமை ஒன்பது மணி எஸ்-பான் புறநகர் ரயிலில் ஹெர்ஷிங் போகிறேன், அங்கிருந்து ஆண்டெக்ஸ் மடாலயத்துக்கு நடை. யாராவது வருகிறீர்களா?” மூன்று பேர் மன்னிப்புக் கேட்டார்கள். வருகிறேன் என்றவர் நான் எதிர்பார்க்கவே இல்லாத ஆள். கருவிகளைப் பராமரிக்கும் பெண்மணி, ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைதான் பேசுவார்.

எட்டாம் எண் எஸ்-பானின் கடைசி நிலையம் ஹெர்ஷிங். அங்கிருந்து கீன்டால் என்கிற பள்ளத்தாக்கு வழியாக, ஓடையை ஒட்டி, மரநிழலிலேயே ஏறிப் போகலாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். முதல் அரை மணி இருவரும் பேசவில்லை. பிறகு ஓடைக்கரையில் அவர் நின்றார். பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து ஓர் ஆப்பிளை நறுக்கி, முதல் துண்டை எனக்கு நீட்டினார். அதற்குப் பிறகு மேலே போய்ச் சேரும்வரை பேச்சு ஓயவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வந்துவிடுகிறது. மேலே போனதும் “இனி ‘டூ’ என்றே கூப்பிடு” என்றார். நம் ‘நீங்கள்’, ‘நீ’ போல இவர்களுக்கு ‘ஸீ’, ‘டூ’. பொதுவாக வயதில் பெரியவர்தான் அந்த அனுமதியைத் தர வேண்டும். அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

பிறந்தநாளுக்கும் காத்திருக்காதீர்கள். இங்கே பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவருவார். முந்தின நாளே எல்லாருக்கும் மின்னஞ்சல் போடுங்கள்: ‘நாளை பத்து மணி, சமையலறையில் கேக்.’ அவ்வளவு போதும். முந்தின நாள் யாரும் வாழ்த்தவில்லையே என்று மனம் நோக வேண்டாம், முன்கூட்டி வாழ்த்துவது இவர்களுக்கு அபசகுனம். அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் சேர்க்க அந்தப் பத்து மணியை விட நல்ல நேரம் கிடையாது.

நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று எழுதவில்லை. 1948-ல் தொடங்கிய ஐ.ஏ.இ.எஸ்.டி.இ. என்ற பயிற்சிப் பரிமாற்ற அமைப்பு மூலம் வந்திருந்தால், அதன் உள்ளூர் மாணவர் குழுவிடம் பேசுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி மாணவர்களுக்குக் கோடையில் வார இறுதிப் பயணங்கள் ஏற்பாடு செய்வதும் அவர்களுடைய வேலைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டெ பினகொடெக் ஓவியக்கூடத்தில் ஞாயிறு நுழைவு 1 யூரோதான். 1500-ல் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் தன்னையே வரைந்த படம் அங்கே இருக்கிறது. மேலங்கியின் ரோமப் பட்டையை விரல்களால் பிடித்தபடி, நேராக நம் கண்ணைப் பார்க்கிறார். அதன் முன் நிற்கும்போது தனியாக இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கேள்வி: ஜெர்மனி விசாவில் இருக்கும் இன்டர்ன் நான். ஒரு நாள் ஆஸ்திரியாவிலுள்ள ஸால்ஸ்புர்க் போய்வரலாமா?

பதில்: தாராளமாக. ஜெர்மனியின் நீண்டகால தேசிய விசா இருந்தால் ஆஸ்திரியா உட்பட மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா ஏற்பாட்டில் இணைந்த ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், திரும்பும்போது எல்லையில் ரயிலுக்குள் சோதனை இருக்கலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற நாடு தழுவிய பயணச்சீட்டு ஸால்ஸ்புர்க் நிலையம்வரை செல்லும், வட்டார ரயில்களில் மட்டும். விரைவு ரயிலில் ஏறினால் அபராதம். இன்னொன்று: அது மாதச் சந்தா, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஊர் திரும்பும் மாதத்தில் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். என் ஆய்வுக்கூடத்துக்கு வந்த இரண்டு இன்டர்ன்கள் அப்படி இழந்தார்கள்.

கேள்வி: நான் குடிக்க மாட்டேன். பீர்கார்டனுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது?

பதில்: போங்கள். ஆப்ஃபெல்ஷோர்லெ கேளுங்கள், ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. ஏன் குடிக்கவில்லை என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. விரிப்பு போடாத மேஜைகளில் நாம் கொண்டுபோன சாப்பாட்டையே பிரித்து வைத்துச் சாப்பிடலாம், பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். இரண்டு டப்பா கூடுதலாகவே கொண்டுபோங்கள்.