வாசகர் கேள்வி: பாதி தூரத்துக்கு ஏன் முழு நேரம்?

கேள்வி: நாத்தனார் மகள் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறோம் ஐயா. இணையத்தில் தூரத்தைப் போட்டுப் பார்த்த என் மகன் அரை மணி நேரப் பயணம்தான் என்கிறான். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம். கொழும்புக்கே ஏறக்குறைய அவ்வளவுதானே ஆகிறது? சுற்றிக்கொண்டு போகிறார்களா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: சுற்றிப் போகவில்லை அம்மா. மீனம்பாக்கத்தில் 26 வருடம் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு அட்லஸை விரித்துப் பாருங்கள். நம் மீனம்பாக்கம், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா மூன்றும் கிட்டத்தட்ட 80 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் தெற்கே ஒன்றாக இருக்கின்றன. அதனால் தூரத்தைக் கையாலேயே கணக்குப் போடலாம். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கி.மீ. மீனம்பாக்கம் 13, பலாலி 9.8. வித்தியாசம் 3.2. பெருக்கினால் 355 கி.மீ. கட்டுநாயக்கா இன்னும் தெற்கே, 645 கி.மீ.

உங்கள் மகன் பார்த்த கணக்கு, 355 கி.மீ.யை ஜெட் வேகத்தால் வகுத்தது. கொழும்புக்குப் போவது மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட். யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏ.டி.ஆர். 72, புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் 500 கி.மீ. சுமார். ஏறும்போதும் இறங்கும்போதும் அதைவிடக் குறைவு.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, இறங்கிய ஊரில் மறுபடி கட்டை வைப்பது வரை உள்ள மொத்த நேரம். அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'சாக்' என்று பெயர்; 'சாக்ஸ் ஆஃப், சாக்ஸ் ஆன்' என்று நாங்கள் தினமும் குறித்துக்கொண்டே இருப்போம். நான் யாழ்ப்பாணம் போனபோது பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். சென்னையில் ஓடுபாதைக்கு நகர்ந்து, வரிசையில் நின்று, மேலே எழும்பவே 14 நிமிடம். காற்றில் 53. பலாலியில் 4 நிமிடத்தில் வாசலுக்கே வந்தாயிற்று.

இந்தத் தடம் புதிதும் இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் விமானத்தையே கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் விட்டது. அதுவும் புரொப்பெல்லர்தான், டகோட்டா. பின்னாளில் போர் வந்து எல்லாம் நின்றது. 2019-இல் சென்னை விமானம் மறுபடி பலாலியில் இறங்கிய செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். தூரம் குறைவு என்று தாமதமாகக் கிளம்பாதீர்கள். இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியகல்வு எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

போகும்போது வலது பக்க ஜன்னல் கேளுங்கள், இறக்கைக்குப் பின்னால். இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. வானம் தெளிவாக இருந்தால் நம் கடற்கரை கூடவே வரும். கோடியக்கரை மூக்கு போல நீட்டிக்கொண்டு முடியும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வெறும் நீலம். பிறகு பனைமரமும் செம்மண் தோட்டமும் தெரிந்தால் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், பலாலி வந்துவிட்டது.