எச்டிஎல் கூடினால் இதயம் பத்திரமா? எஸ்ஆர்-பி1 ஏற்பி பற்றிக் கேள்வி பதில்

லிப்போபுரோட்டீன் என்பது ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்; அதைப் பிடிக்கிற செல்லின் புரதம்தான் ஏற்பி. இந்த ஏற்பிகள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எஸ்ஆர்-பி1 என்ற ஒன்றைச் சுற்றியே இருந்தன. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். என் வேலை ஆய்வகத்தில். மருந்துச்சீட்டு எழுதுகிற ஆள் நான் இல்லை.

கேள்வி: சார், எல்டிஎல் ஏற்பியைப் பாடத்தில் படித்திருக்கிறேன். எஸ்ஆர்-பி1 அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பதில்: எல்டிஎல் ஏற்பி, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் துகளை முழுசாக உள்ளே இழுத்துக்கொள்ளும். துகள், செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதையும், ஏற்பி மட்டும் செல்லின் மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்ததைப் பிடிக்கும். பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் வாங்கித் தந்த கதை இது. எஸ்ஆர்-பி1 துகளைச் சிதைப்பதில்லை. எச்டிஎல் வந்து ஒட்டியதும் அதனுள் இருக்கும் கொலஸ்ட்ரால் எஸ்டர் (கொலஸ்ட்ராலின் சேமிப்பு வடிவம்) மட்டும் செல்லுக்குள் இறங்கும், சிறுத்துப்போன துகள் ரத்தத்துக்கே திரும்பிவிடும். புரதத்துக்குள்ளேயே குடைந்தாற்போல் ஒரு பாதை இருக்கிறது, எஸ்டர் அதன் வழியாகத்தான் நழுவுகிறது. உறவுக்காரப் புரதமான லிம்ப்-2இன் படிக அமைப்பு 2013இல் வெளிவந்த பிறகுதான் இது பளிச்சென்று புரிந்தது.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் எச்டிஎல் நிறையவே காட்டுகிறது. நல்ல கொலஸ்ட்ரால்தானே, நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி நிம்மதி அடையாதீர்கள்.

தமனிச் சுவரில் சேர்ந்த கொலஸ்ட்ராலை எச்டிஎல் ஏற்றிக்கொண்டு கல்லீரலுக்கு வருகிறது. அங்கே அதை இறக்கி வாங்குவது எஸ்ஆர்-பி1. 1996இல் எம்ஐடியைச் சேர்ந்த மான்டி கிரீகர் குழு இதை எச்டிஎல்லின் ஏற்பி என்று அடையாளம் காட்டியது. அப்புறம் இந்த மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். எச்டிஎல் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ இரட்டிப்பானது. வழக்கமான கணக்குப்படி தமனி அடைப்பு குறைந்திருக்க வேண்டும், ஆனால் கூடியது. கூடவே லிப்போபுரோட்டீன் துகள்களில் இருக்கும் அபோஇ என்ற புரதத்தின் மரபணுவையும் நீக்கியபோது, அந்த எலிகள் இதயத் தமனி அடைத்து, மாரடைப்பு வந்து, சில வாரங்களிலேயே செத்தன.

சாலையில் நிறைய வண்டிகள் தெரிகின்றன என்றால் போக்குவரத்து அமோகம் என்றும் இருக்கலாம், முன்னால் வழி அடைத்திருக்கிறது என்றும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் வருகிற எச்டிஎல் எண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

மனிதர்களிடமும் இதைப் பார்த்தாயிற்று. எஸ்ஆர்-பி1இன் 376ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லியூசின் வரும் அரிய மாற்றம் ஒன்று உண்டு. அந்த ஏற்பி சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, மேற்பரப்புக்கு வந்து சேர்வதில்லை. 2016இல் வெளியான ஆய்வில், மரபணுவின் இரு பிரதியிலும் இந்த மாற்றம் உள்ள ஒருவருக்கு எச்டிஎல் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 152 மில்லிகிராம் இருந்தது. இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களுக்கு இதயநோய் அபாயம் குறையவில்லை, கூடியிருந்தது.

எச்டிஎல்லை ஏற்றும் மருந்துகள் சறுக்கியதும் ஞாபகத்துக்கு வரும். டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, இறப்புகள் கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது. அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது என்பதால் பழியை எல்லாம் எச்டிஎல் மேல் போட முடியாது. ஆனால் அடுத்து வந்த டால்செட்ராபிப்பும் எச்டிஎல்லை உயர்த்தியதே தவிர மாரடைப்பைக் குறைக்கவில்லை. என்னைக் கேட்டால், எண்ணை உயர்த்துவதையே குறிக்கோளாக வைத்ததுதான் கோளாறு.

கேள்வி: அப்படியானால் எஸ்ஆர்-பி1ஐக் கூட்டுகிற மாத்திரை ஒன்று கண்டுபிடித்துவிட்டால் போதாதா அண்ணா?

பதில்: கல்லீரலில் மட்டும் கூட்ட முடிந்தால் யோசிக்கலாம் தம்பி. எலிகளின் கல்லீரலில் கூட்டிப் பார்த்தார்கள், எச்டிஎல் எண் இறங்கியது, அடைப்பும் குறைந்தது. சிக்கல் தமனியின் உள்வரிச் செல்களில் இருக்கிறது. அங்கே இதே எஸ்ஆர்-பி1 எல்டிஎல் துகளைப் பிடித்து, டாக்4 என்ற புரதத்தின் உதவியோடு, செல்லைக் கடத்தித் தமனிச் சுவருக்குள் விட்டுவிடுகிறது. 2019இல் வெளியான கண்டுபிடிப்பு இது. உள்வரிச் செல்களில் மட்டும் இதை நீக்கிய எலிகளுக்கு அடைப்பு குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே செல்லில் எச்டிஎல் வந்து ஒட்டினால் இதே ஏற்பி நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டி ரத்தக்குழாயைத் தளர்த்தவும் செய்கிறது. ஆகவே எந்தச் செல்லில், எந்தத் துகளோடு என்று சொல்லாமல் இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அட்ரினல் சுரப்பி ஹார்மோன் தயாரிக்கக் கொலஸ்ட்ரால் வாங்கும் வழிகளில் இதுவும் ஒன்று. ஹெபடைடிஸ் சி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையவும் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. சும்மா கை வைக்கக்கூடிய இடம் இல்லை.

கேள்வி: தமனிச் சுவரில் கொலஸ்ட்ரால் நிறைந்து உப்பும் நுரைச் செல்கள் உருவாவதற்கு எல்டிஎல் ஏற்பிதானே காரணம்?

பதில்: இல்லை. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் எல்டிஎல் ஏற்பியின் உற்பத்தி தானாகக் குறைந்துவிடும், அதனால் அது செல்லை உப்ப வைப்பதில்லை. எஸ்ஆர்-ஏ, சிடி36 போன்ற வேறு ஏற்பிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மேக்ரோபேஜ்கள் எனும் விழுங்கு செல்கள் அவற்றின் வழியாக ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்லை வாங்கிக்கொண்டே போகும். எல்டிஎல் ஏற்பியே வேலை செய்யாத குழந்தைகளுக்கும் தமனியில் நுரைச் செல் நிறைகிறது என்பதை விடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கேள்வி: எல்டிஎல்லைக் குறைக்கப் போடும் பிசிஎஸ்கே9 ஊசி எஸ்ஆர்-பி1ஐயும் கூட்டுமா?

பதில்: அந்த ஊசி காப்பது எல்டிஎல் ஏற்பியைத்தான். பிசிஎஸ்கே9 என்ற புரதம் அந்த ஏற்பியை லைசோசோமுக்குத் தள்ளி அழிக்கிறது, ஊசி அதைத் தடுக்கிறது.

கேள்வி: எலியில் பார்த்ததை அப்படியே மனிதனுக்குச் சொல்லலாமா சார்?

பதில்: சொல்லக் கூடாது. எலிக்கு சிஇடிபி என்ற புரதம் கிடையாது. நமக்கு உண்டு. அது எச்டிஎல்லின் கொலஸ்ட்ரால் எஸ்டரில் கணிசமான பங்கை எல்டிஎல், விஎல்டிஎல் (இன்னொரு வகை லிப்போபுரோட்டீன்) துகள்களுக்கு மாற்றிவிடுகிறது. அந்தப் பங்கு எல்டிஎல் ஏற்பி வழியாகவும் கல்லீரலுக்குப் போய்ச் சேரலாம். நம் உடம்பில் எஸ்ஆர்-பி1க்கு மாற்று வழி உண்டு என்பதால்தான் மனிதர்களிடமே பார்த்த 2016 ஆய்வுக்கு அவ்வளவு மதிப்பு.

கேள்வி: எஸ்ஆர்-பி1 அளவை லேபில் பார்க்க முடியுமா?

பதில்: வழக்கமான பரிசோதனையில் இல்லை. எச்டிஎல் மிக அதிகமாக இருந்து, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பும் வந்திருந்தால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று இதயநோய் மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்கள் எல்டிஎல்லையும், முடிந்தால் எல்டிஎல் போன்ற துகள்களின் மேலிருக்கும் அபோபி என்ற புரதத்தின் அளவையும் பார்த்தால் போதும்.