கணக்கு டீச்சர் பதில்கள்

கடிதங்களை எப்போதும் போல வாசல் திண்ணையில் உட்கார்ந்துதான் பிரித்தேன். இந்த முறை பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் கேட்பதுகூட நமக்கு வெட்கமான காரியமாகிவிட்டது. சரி, ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: ஏற்றுமதி ஜவுளிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு வந்து சேர இரவு 8 மணி ஆகிவிடும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஆறு மாதமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால் "உனக்கு ஒண்ணும் புரியாதும்மா" என்கிறாள். போன வாரம் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். பயந்த மாதிரி எதுவும் இல்லை. ஆனால் தோழிக்கு, "அம்மா வந்துட்டாங்க, இனி ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் பேசறேன்" என்று அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பார்த்ததை அவளிடம் சொல்வதா, வேண்டாமா? நான் நல்ல அம்மா இல்லையோ? (கரூர்)

பதில்: அந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். இன்னொரு தரம் படித்துப் பாருங்கள் அம்மா. "வந்துட்டாங்க" என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். 34 வருஷம் லால்குடிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தியவள் நான். பெஞ்சுக்கு அடியில் கைமாறிய துண்டுச் சீட்டுகளை எவ்வளவோ பிடுங்கியிருக்கிறேன். அவற்றில் அம்மாக்களுக்கு இருந்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. ஒரு சீட்டில் எனக்கும் ஒன்று இருந்தது: கோணமானி. எனக்குக் கழுத்து கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

14 வயதில் கதவைச் சாத்துவது ஊர் உலகத்தில் நடப்பதுதான். அதை விடுங்கள். "ஆரம்பிச்சிடுவாங்க" என்கிறாளே, எதை ஆரம்பிப்பீர்கள்? நானே சொல்லிப் பார்க்கிறேன், சரியா பாருங்கள். செருப்பைக் கழற்றும்போதே, "லைட்டு ஏன் எரியுது?" பையை மாட்டும்போது, "டியூஷன் போனியா?" அடுப்படிக்குள் நுழைந்ததும், "மத்தியானப் பாத்திரம் அப்படியே கிடக்கே." உங்கள் வேலையே குறை கண்டுபிடிப்பது. ஓட்டை, கறை, இழை விட்டுப்போனது என்று காலையிலிருந்து துணியைத் தடவித் தடவிப் பார்த்த கண். அந்தக் கண்ணைக் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடியாது. நானும் சிவப்புப் பேனாவைக் கண்ணிலேயே செருகிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கேள்விகளில் பாதி அவளுக்காகக் கேட்பவை இல்லை. கழுவாத பாத்திரத்தைப் பக்கத்து வீட்டம்மா பார்த்திருப்பாரே, "வேலைக்குப் போறேன்னு பொண்ணை எப்படி விட்டிருக்கா பாரு" என்று பேசிவிடுவாரே என்ற பயம் நம்மைக் கேட்க வைக்கிறது. வீட்டில் இல்லாத ஒருத்திக்குப் பதில் சொல்வதற்காக, வீட்டில் இருப்பவளை விசாரிக்கிறோம்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். வந்ததும் முதல் பத்து நிமிஷம் கேள்விக்குறி போட்டு எதுவும் பேசாதீர்கள். முகம் கழுவுங்கள், டீ போடுங்கள், அவளுக்கும் ஒரு டம்ளர் வையுங்கள். அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததை உங்கள் பாட்டுக்குச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் கத்தியது, பீஸ் திரும்பி வந்தது, எதுவானாலும் சரி. முதல் நாள் "ம்" கூடக் கொட்ட மாட்டாள். நாலாம் நாளும் கொட்டாமல் போகலாம். பாத்திரம் எங்கும் ஓடிவிடாது, ஒன்பது மணிக்குத் துலக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

போனைப் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வைத்த இடத்திலிருந்து போன் நாலு அங்குலம் நகர்ந்திருந்தாலும் இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "பயத்துல எடுத்துப் பார்த்துட்டேன், தப்புதான். இனிமே உன்னைக் கேட்டுட்டுப் பார்ப்பேன்." அவ்வளவு போதும். படித்த வரியைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அதைப் பேசினால் மன்னிப்பு வழக்காக மாறிவிடும்.

சாப்பாடு இறங்கவில்லை, தோழிகளையும் விட்டுவிட்டாள், கையில் கீறல் தெரிகிறது, "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரி பேச்சு வருகிறது என்றால் மட்டும் டீயும் பத்து நிமிஷமும் போதாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நீங்களே கூப்பிட்டு உங்கள் தூக்கமின்மையைப் பற்றியும் கேட்கலாம். நல்ல அம்மாவா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கணக்கைப் போட எனக்குச் சூத்திரம் தெரியாது.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனை விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்கச் சொன்னால் புத்தகத்தின் மேலேயே தூங்குகிறான். ராத்திரி 11 மணிக்கு ஆந்தை மாதிரி முழித்திருக்கிறான். சோம்பேறி ஆகிவிட்டானோ? (மன்னார்குடி)

பதில்: சோம்பல் இல்லை, உடம்பின் கடிகாரம். வளரும் வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, சின்ன வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பான், தூக்கம் வராது. ஆனால் அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 11 மணிக்குத் தூங்குபவனை 4 மணிக்கு எழுப்பினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். பத்தரைக்கு விளக்கையும் போனையும் அணைத்துவிட்டு, ஆறரை மணிக்கு எழுப்புங்கள். நாலு மணிக்குத் தெருவில் எந்த வீட்டில் முதலில் விளக்கெரிகிறது என்ற போட்டியில் நீங்கள் தோற்றுப்போவீர்கள். போகட்டும்.

கேள்வி: லாரி டிரைவர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது நாக்பூர் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். மகன் கணக்கில் 22 மார்க், மற்ற பாடங்களில் பாஸ். மச்சான் மகன் 470 என்று அதற்கு முன்பே போன் வந்துவிட்டது. ஆத்திரத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கண்டபடி திட்டிவிட்டேன். பக்கத்தில் மாற்று டிரைவர் உட்கார்ந்திருந்தார். இப்போது மகன், "படிப்பு வேண்டாம், உன்னோட வண்டியில கிளீனரா வர்றேன்" என்கிறான். கூட்டிப் போகட்டுமா? (நாமக்கல்)

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம், எனக்குத் தெரிந்தது அதுதான்.

பாஸ் மார்க் 35. உங்கள் மகனுக்கு இன்னும் 13 வேண்டும். வினாத்தாளில் கடைசியாக இரண்டு கேள்விகள் உண்டு, எட்டெட்டு மார்க். ஒன்று வடிவியல் வரைவது, இன்னொன்று வரைபடத்தாளில் வரைவது. இரண்டிலும் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கலாம். கணக்கு வராத பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைக்க நாங்கள் மலை போல நம்பியிருப்பது இந்த 16 மார்க்கைத்தான். வரைவதற்கு மூளையைக் கசக்க வேண்டாம், கை பழகினால் போதும். கூர்மையான பென்சில், ஆடாத காம்பஸ், தினம் சாயங்காலம் இரண்டு படம். ஒரு மாதத்தில் கை தானாகப் போடும். ஆரம்பத்தில் 14 ஒரு மார்க் கேள்விகள். புத்தகத்துப் பயிற்சிக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதில் எட்டு மார்க்காவது தேறும். 16, 8, ஆக 24. மிச்சம் 11. இரண்டு மார்க் கேள்வி மூன்று, ஐந்து மார்க் கேள்வி ஒன்று. உறவுகளும் சார்புகளும் பாடத்திலும் புள்ளியியலிலும் அது கிடைக்கும்.

அவனுடைய பழைய தாளில் வடிவியல் போட்டிருந்தானா என்று கேளுங்கள். எனக்குச் சந்தேகம், காம்பஸே எடுத்துப் போயிருக்க மாட்டான். துணைத் தேர்வு அதிக நாள் காத்திருக்க வைக்காது, அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அதே வருஷம் மேலே சேரலாம். உடனே தலைமையாசிரியரைப் பார்த்துப் பணம் கட்டச் சொல்லுங்கள், கடைசித் தேதியைக் கோட்டை விடுபவர்கள் நிறைய. பிளஸ் ஒன் பிடிக்கவில்லையா, பாலிடெக்னிக் மூன்று வருஷ டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்துவிட்டு என்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர்ந்த என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். வண்டிமேல்தான் ஆசை என்றால் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக். சரக்கு வண்டி ஓட்டுவதற்கு 20 வயது முடிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அதுவரை கிளீனராகவே வைத்திருக்கப் போகிறீர்களா?

இப்போது அந்த போன் விஷயம். நீங்கள் திட்டியது மகனையா, இல்லை பக்கத்து சீட்டுக்காரர் காதில் விழ வேண்டும் என்றா? கோபப்படாதீர்கள் தம்பி. "பெயிலான பையனைக் கண்டிக்காத அப்பன்" என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் உங்களை அறியாமல் குரலை ஏற்றியிருக்கும். மச்சானுக்குச் சொல்ல முடியாத பதிலும் அதில் சேர்ந்திருக்கும். அவன் கிளீனராக வருகிறேன் என்பது, எனக்கென்னவோ, லாரி ஆசையாகத் தோன்றவில்லை. உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அப்பா கோபம் ஆறிவிட்டதா என்று பார்க்க நினைக்கிறான். பரீட்சைக்கு முன்னால் சேலம் வரை, பெங்களூர் வரை ஒரு நடை கூட்டிப்போய் வாருங்கள். மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். வண்டியில் முன்னால் பார்த்துக்கொண்டே பேசலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்பது ஓட்டுகிற உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: மூன்றரை வயதுக் குழந்தை, போனைக் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். மாமியார் "நாங்கல்லாம் நிலாவைக் காட்டி ஊட்டினோம்" என்று குத்துகிறார். நிறுத்தினால் சாப்பாடே இறங்குவதில்லை. (விருத்தாசலம்)

பதில்: 2 முதல் 4 வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போக வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் போன் என்றால் அதிலேயே ஒரு மணியைத் தாண்டிவிடும். ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள், முதலில் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். மத்தியானம் தரையில் உட்கார்ந்து நீங்களும் கூடவே சாப்பிடுங்கள். அவள் தட்டில் இரண்டு கரண்டி தயிர்சாதம், அவளே பிசையட்டும். பாதி தரையில் விழும், துடைத்துக்கொள்ளலாம். இருபது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு வேளை அரை வயிறாக இருந்தால் அடுத்த வேளை பசிக்கும். எடை குறைகிறது என்று தோன்றினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். மாமியார் நிலாவைக் காட்டியதாகச் சொல்வது உண்மைதான், கூடவே பூச்சாண்டியையும் காட்டியிருப்பார். நாளைக்கு ஒரு வேளை ஊட்டும் பொறுப்பை மரியாதையாக அவரிடமே கொடுத்துப் பாருங்களேன்.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்கள். உங்கள் பிள்ளையை நீங்கள் சரியாக வளர்த்தீர்களா? (திருவாரூர்)

பதில்: இல்லை.

எனக்கு ஒரே மகன். எட்டாம் வகுப்பில் என்னிடமே படித்தான். டீச்சர் பிள்ளை என்பதால் மார்க்கை அள்ளிப் போடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று எனக்குள் ஒரு வீம்பு. அரைப் பரீட்சையில் கணக்கில் அவனுக்கு 41. மற்ற பிள்ளைகளின் தாளை மடித்துக் கையில் கொடுத்தேன். அவன் தாளை மட்டும் விரித்துப் பிடித்து, ஒவ்வொரு தப்பாக வாசித்தேன். கழித்தல் குறியைக் கோட்டைவிட்ட இடத்தில், "வீட்டில் இரண்டு பேர் வாத்தியார், இந்த லட்சணம்" என்றேன். 52 பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை அவன் நின்றுகொண்டே இருந்தான், நான் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அடுப்படி வாசலில் வந்து நின்று, "டீச்சர், சாப்பாடு போடுங்க" என்றான். கேலி இல்லை, கோபம்கூட இல்லை. வகுப்பில் கூப்பிடுகிற அதே குரல். என் கையில் தோசைக் கரண்டி. அவன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அம்மா என்று மறுபடி கூப்பிட பதினொரு நாள் ஆனது. மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காலத்தில் பெற்றவர்கள் பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்டதில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், பாதி உண்மை.

அவனுக்கு 39 வயதாகிறது. இரண்டு வருஷம் முன்னால் ஒருநாள் கேட்டேவிட்டேன், "அந்த 41 ஞாபகம் இருக்காடா?" என்று. "42. கூட்டினதுல ஒரு மார்க் விட்டுட்டீங்க. சொல்லலாம்னு நின்னுட்டிருந்தேன்" என்றான்.

இப்போதும் என்மேல் எரிச்சல் வந்தால் அவனுக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும். நேற்று ராத்திரி கூட போனில், "டீச்சர், பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" போட்டாச்சு என்று பொய் சொன்னேன். வைத்துவிட்டு எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.