டெஸ்க்டாப் ஆப்பில் ஆடியோ: திரை உறையாமல் ஏற்ற, இடறாமல் ஒலிக்க

டெல்டா பக்கத்தில் சிறு மென்பொருள் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். ஒன்று பைத்தான், மற்றவை விண்டோஸ், பெரும்பாலும் சி ஷார்ப்.

கும்பகோணம்: தேவாரப் பதிகங்களை ஒலிக்கவிடும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஆப் சார். ஒவ்வொன்றும் 12 நிமிட வேவ் ஃபைல். சவுண்ட்பிளேயரில் பிளேசிங்க் போட்டால் பாட்டு முடியும்வரை திரை உறைந்துவிடுகிறது. லோட்அசிங்க் போட்டால் சரியாகுமா?

பதில்: பிளேசிங்க், தன்னை அழைத்த த்ரெட்டை (நிரலுக்குள் தனியே ஓடும் வேலை இழையை) ஒலி முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். பொத்தானின் கிளிக் நிகழ்வில் எழுதினால் மாட்டிக்கொள்வது திரையை வரைகிற த்ரெட். அதனால்தான் ஜன்னலை நகர்த்தக்கூட முடிவதில்லை.

லோட்அசிங்க் என்ற பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உங்கள் கணினியிலேயே உள்ள ஃபைலின் பாதையைக் கொடுத்தால், ஃபைல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லோட்கம்ப்ளீட்டட் நிகழ்வை உடனே கிளப்பிவிடும். அதற்குள் எதுவும் ஏறியிருக்காது. ஸ்ட்ரீமோ இணைய முகவரியோ கொடுத்தால்தான் உண்மையாகவே பின்னணியில் ஏற்றும். அங்கே லோட்கம்ப்ளீட்டட் வந்ததும் முதலில் அதன் எரர் பண்பைப் பார்த்துவிட்டுத்தான் பிளே அழைக்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு முழு ஃபைலையும் நினைவகத்தில் ஏற்றுவதே வேண்டாத வேலை. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு), 2 சேனல், சாம்பிளுக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 1,76,400 பைட். நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, 12 நிமிடப் பதிகத்துக்கு 127 எம்பி. ஃபைலைப் படிக்க என்ஆடியோ நூலகத்தின் ஆடியோஃபைல்ரீடரும், ஒலிக்கவிட வேவ்அவுட்ஈவன்ட்டும் போதும். ரீடர் அவ்வப்போது வேண்டிய துண்டை மட்டும் வட்டிலிருந்து படிக்கும், பிளே உடனே திரும்பிவிடும், எம்பி3யும் ஓடும். ஃபைல் வேறு கணினியின் ஷேரில் இருந்தால் திறப்பதற்கே நேரம் பிடிக்கும். ரீடரை உருவாக்கும் வரியை டாஸ்க்.ரன் உள்ளே வைத்து அவெய்ட் செய்யுங்கள் (திரையைத் தடுக்காமல் காத்திருக்கும்). வேவ்அவுட்ஈவன்ட்டை மட்டும் திரை த்ரெட்டிலேயே உருவாக்குங்கள். அப்போதுதான் பிளேபேக்ஸ்டாப்டு நிகழ்வு திரை த்ரெட்டுக்கே வரும். லேபிளை நேரடியாக மாற்றலாம்.

மயிலாடுதுறை: என்ஆடியோவில் யூசிங் பிளாக்குக்குள் இனிட், பிளே எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை, சத்தமும் வரவில்லை.

பதில்: பிளே உடனே திரும்புகிறது, யூசிங் பிளாக் அடுத்த கணமே முடிகிறது, பிளேயர் டிஸ்போஸ் ஆகிவிடுகிறது, அதாவது மூடப்பட்டுவிடுகிறது. பிளேயரையும் ரீடரையும் ஃபார்மின் ஃபீல்டாக வைத்து, பிளேபேக்ஸ்டாப்டு வந்த பிறகு இரண்டையும் டிஸ்போஸ் செய்யுங்கள். டபிள்யூபிஎஃப் (விண்டோஸின் இன்னொரு திரை நூலகம்) தரும் மீடியாபிளேயரை உள்ளூர் மாறியாக வைத்தாலும் இதே கதிதான்: குப்பை சேகரிப்பு வரும்போது பாட்டு பாதியில் நிற்கும்.

மன்னார்குடி: நெல் கொள்முதல் நிலையத்துக்கு டோக்கன் எண்ணைத் தமிழில் அறிவிக்கும் ஆப் எழுதுகிறேன் அண்ணா. 1 முதல் 999 வரை. 999 ஃபைல் பதிவு செய்ய முடியாது. துண்டுகளைச் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுகிறது. இரண்டு எண்ணைச் சட்டென்று அழைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கிறது.

பதில்: முதலில் பதிவு. நம் எண்கள் தனியே நிற்கும்போது ஒரு வடிவம், தொடரும்போது வேறு வடிவம். நூறு, நூற்று, இருபது, இருபத்தி, தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து. ஆகவே ஒன்று முதல் ஒன்பது வரை 9, பத்து முதல் பத்தொன்பது வரை 10, பத்துகள் தனி வடிவம் 8, தொடர் வடிவம் 8, நூறுகள் தனி வடிவம் 9, தொடர் வடிவம் 9. மொத்தம் 53 துண்டு. 347க்கு "முந்நூற்று", "நாற்பத்தி", "ஏழு". 300க்கு "முந்நூறு" ஒன்றே. தொடர் வடிவங்களைத் தனிச்சொல்லாகப் படிக்கவைத்துப் பதிவு செய்தால் குரல் கீழே இறங்கி முடிந்துவிடும். முழு எண்ணாகப் படிக்கச் சொல்லி, அதிலிருந்து வெட்டுங்கள். ஒரே நாள், ஒரே மைக், ஒரே தூரம்.

எல்லாவற்றையும் ஒற்றைச் சேனல், 44,100, 16 பிட் வேவாக வையுங்கள். நொடிக்கு 88,200 பைட்; துண்டு ஒரு நொடிக்குள் அடங்கினால் 53ம் சேர்ந்து 5 எம்பி கூட வராது. ஆப் திறக்கும்போதே பின்னணியில் படித்து நினைவகத்தில் வைத்துவிடுங்கள்; அழைக்கும் நேரத்தில் வட்டைத் தொடவே வேண்டாம். பதிகம் நீளம், அதை ஓட்டத்தில் படிக்கிறோம். இது குட்டி, திரும்பத் திரும்ப வருவது, முன்கூட்டியே ஏற்றுகிறோம். இந்த முடிவைச் சரியாக எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இடைவெளிக்குக் காரணம், ஒரு துண்டு முடிந்த செய்தி வந்த பிறகு அடுத்ததைத் தொடங்குவது. வேவ்அவுட்ஈவன்ட்டின் இயல்பான லேட்டன்சி (ஒலி வெளிவரும் தாமதம்) 300 மில்லிசெகண்ட். சொல்லுக்குச் சொல் அது காதில் விழும். கான்கேட்டினேட்டிங்சாம்பிள்புரொவைடரில் துண்டுகளைக் கோத்து ஒரே ஒலியாக்கி, ஒரே ஒரு பிளே கொடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே ஃபார்மட்டில் இல்லையென்றால் அது பிழை எறியும்.

ஒன்றன்மேல் ஒன்று விழாமலிருக்க, அழைப்புக்கு ஒரு த்ரெட் என்று கிளப்பாதீர்கள். பிளாக்கிங்கலெக்‌ஷன் என்ற வரிசை ஒன்று, அதிலிருந்து எண்ணை எடுத்து, ஒலித்து முடியும்வரை காத்திருந்து, அடுத்ததை எடுக்கும் த்ரெட் ஒன்று. பொத்தானின் வேலை வரிசையில் எண்ணைப் போடுவதோடு முடிந்தது.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் "டோக்கன்" என்பது "க்கன்" என்று மட்டும் கேட்கலாம். சும்மா இருக்கும்போது தூங்கிவிடும் ஸ்பீக்கர் விழிக்க நேரமெடுக்கும். முன்னால் ஒரு மணியோசை சேருங்கள். களத்தில் நிற்பவர்களும் காதைத் திருப்புவார்கள்.

திருவையாறு: சுருதிப்பெட்டி ஆப். தம்புரா ஒலியை எம்பி3யாக லூப் செய்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். என் நண்பர் கணினியில் சுருதியே ஏறிவிடுகிறது.

பதில்: விக்கலுக்குக் காரணம் எம்பி3. அது 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாகத்தான் சேமிக்கும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் வெற்று ஒலி ஒட்டிக்கொள்கிறது. லூப் ஒலிக்கு வேவ்தான். வெட்டும் இடமும் முக்கியம்: பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று முழுச் சுற்றுகளாக வெட்டுங்கள், இல்லையேல் மீட்டும் நடை தடுமாறும். லூப்பின் கடைசி 50 மில்லிசெகண்டை, மூலப் பதிவில் லூப்பின் தொடக்கமாக வெட்டின இடத்துக்கு முந்தைய 50 மில்லிசெகண்டோடு கிராஸ்ஃபேட் செய்தால் (ஒன்று தேய, மற்றது வளரக் கலந்தால்) தந்தியின் கார்வை உடையாது. பிளேபேக்ஸ்டாப்டில் மறுபடி பிளே கொடுக்க வேண்டாம். ரீட் செயல்பாட்டை நீங்களே எழுதி, முடிவு வந்ததும் பொசிஷனைப் பூஜ்யமாக்கி, அதே பஃபரை (ஒலிக்கக் காத்திருக்கும் துண்டின் தற்காலிக இடத்தை) தொடர்ந்து நிரப்புங்கள்.

சுருதி ஏறுவது சாம்பிள் ரேட் குழப்பம். 44,100ல் பதிவானதை 48,000 என்று சொல்லி ஒலிக்கவிட்டால் 1.088 மடங்கு வேகம். 1 கட்டை, ஒன்றரைக் கட்டையைத் தாண்டி 2 கட்டைக்கு முன் எங்கோ நிற்கும். எந்தக் கட்டையிலும் சேராத சுருதியில் மாணவர் சாதகம் செய்வது காதைக் கெடுத்துவிடும். இதை அலட்சியமாக விடாதீர்கள். ரேட்டை ஃபைலின் ஹெட்டரிலிருந்தே எடுங்கள், கோடில் எண்ணாக எழுதாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டபிள்யூடிஎல்ரீசாம்பிளிங்சாம்பிள்புரொவைடர் இருக்கிறது.

திருவாரூர்: பைத்தான், அதன் டிகின்டர் திரை நூலகம். ஆடியோ ஏற்றும் த்ரெட்டிலிருந்து புரோகிரஸ்பாரை நகர்த்தினால் சில நேரம் ஆப் விழுகிறது.

பதில்: த்ரெட்டிலிருந்து விட்ஜெட்டை (பார், பொத்தான் போன்ற திரை உறுப்பை) தொடாதீர்கள். த்ரெட் க்யூவில் எண்ணைப் போடட்டும். திரைப் பக்கம் ஆஃப்டர் மூலம் 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை க்யூவைப் பார்த்து பாரை நகர்த்தட்டும். பைகேம் நூலகத்தில் நீளமான பாட்டுக்கு மிக்சர்.மியூசிக், சிறு ஒலிக்கு மிக்சர்.சவுண்ட். பழைய கணினியில் கரகரத்தால் பஃபரை 512லிருந்து 2,048 ஆக்குங்கள். 44,100 ரேட்டில் 12 மில்லிசெகண்ட் 46 ஆகும், கேட்பவருக்குத் தெரியாது.

நாகப்பட்டினம்: பட்டியலில் வேகமாக நாலைந்து பாட்டைக் கிளிக் செய்தால் கடைசியாகத் தொட்டது ஒலிக்காமல் வேறொன்று ஒலிக்கிறது.

பதில்: பெரிய ஃபைல் தாமதமாக ஏறி, பின்னால் வந்ததை மிதித்துவிடுகிறது. ஒவ்வொரு கிளிக்கிலும் ஒரு எண்ணைக் கூட்டி, அதை உள்ளூர் மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். அவெய்ட் முடிந்ததும் அந்த எண் இன்னும் நடப்பு எண்தானா என்று பாருங்கள்; இல்லையென்றால் ஏற்றியதை டிஸ்போஸ் செய்துவிட்டு வெளியேறுங்கள். கேன்சலேஷன்டோக்கன் கூடுதலாக வைக்கலாம். ஆனால் படிப்பு முடிந்த பிறகு வரும் ரத்து பயன்படாது, ஆகவே எண் சரிபார்ப்பு வேண்டும்.

பட்டுக்கோட்டை: ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் பழைய சி நூலகம் ஒன்றில் திறக்க மறுக்கிறது.

பதில்: அந்த நூலகம் விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கத்தை நம்பி ஃபைல் திறக்கும் எஃப்ஓப்பனை அழைக்கிறது. தமிழுக்கு அப்படியொரு பக்கமே கிடையாது. ஃபைலை நீங்களே யூனிகோட் வழியில் படித்து, பைட்டுகளாக நூலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்று: "கொள்முதல்" என்பதில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, விண்டோஸுக்கு இரண்டு பெயர். பட்டியலில் உள்ள பெயரையும் வட்டில் உள்ள பெயரையும் நார்மலைஸ் செய்துவிட்டு, அதாவது ஒரே குறி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒப்பிடுங்கள். திறக்கும்போது மட்டும் வட்டில் உள்ள பெயரை அப்படியே கொடுங்கள்.