3:1 மனப்பாடம், கணக்கு மட்டும் வரவில்லை

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "இரண்டாம் ஆண்டு தாவரவியலில் 60 பேர். பெற்றோரின் பண்பு பிள்ளைகளுக்கு எப்படி இறங்கும் என்று சொல்லும் மெண்டல் விதியை ஒப்பிக்கிறார்கள், கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பேச்சு மூச்சில்லை. ஆய்வகத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. என்ன செய்ய?"

ஓங்கு பண்பு (மரபணு ஜோடியில் ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது) மூன்று பங்கு, ஒடுங்கு பண்பு (இரண்டும் அதுவாக இருந்தால்தான் தெரிவது) ஒரு பங்கு என்ற 3:1 விகிதத்தை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளை எண்ண விடுங்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பலகையில் கட்டம் போட்டு 3:1 என்று எழுதிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்குவேன், எல்லாரும் தலையாட்டுவார்கள், அப்புறம் விடைத்தாளில் "நாலு பிள்ளை பிறந்தால் ஒன்று கட்டாயம் ஒடுங்கு பண்போடு பிறக்கும்" என்று வந்து நிற்கும். தப்பு என்னுடையதுதான்.

ஜோடிக்கு இரண்டு ஒரு ரூபாய் நாணயம் கொடுங்கள்; ஒன்று அப்பா தரும் மரபணு, மற்றது அம்மா தருவது. இரண்டையும் சேர்த்து 40 தடவை சுண்டட்டும். ஒன்றிலாவது பூ விழுந்தால் ஓங்கு, இரண்டும் தலை என்றால் ஒடுங்கு. நாலைந்து ஜோடிக்கு 30:10 கச்சிதமாக வரலாம், மற்றவர்களுக்கு 26:14, 33:7 என்று கண்டபடி வரும். 26:14 வந்தவன் திருட்டுத்தனமாக அழித்து எழுதப் பார்ப்பான், விடாதீர்கள். அவனையே பலகைக்கு அழைத்து, விலகல் தற்செயலாக வரக்கூடியதுதானா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனை (chi-square) போடச் சொல்லுங்கள்: 2.13 வரும், 5 சதவீத எல்லை 3.84, அதைத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும், ஆக அவன் எண்ணியதில் குற்றமில்லை. பிறகு 30 ஜோடியின் கணக்கையும் கூட்டினால் 1200 வீச்சு. 900:300-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மெண்டலுக்கே பட்டாணி விதையில் 5474 உருண்டை, 1850 சுருங்கல், அதாவது 2.96:1 என்பதை அப்போது சொன்னால்தான் உறைக்கும்.

அடுத்தது நெல். டெல்டாவில் இருந்துகொண்டு பட்டாணியோடு நிறுத்துவது பாவம். மாப்பிள்ளைச் சம்பாவில் கொஞ்சம், வெள்ளைப் பொன்னியில் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி உமியை நகத்தால் உரிக்க வையுங்கள். ஒன்றில் தவிடு சிவப்பு, மற்றதில் வெளிறல். சிவப்பு ஓங்கு, வேறுபாடு ஒரே மரபணுவில் என்று வைத்துக்கொள்வோம். பொன்னிப் பூவில் சம்பா மகரந்தம் சேர்ந்தால் அந்தக் கதிரில் அரிசி என்ன நிறம்? வகுப்பே "சிவப்பு" என்று கத்தும். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன், வீட்டில் விவசாயம், "அப்படின்னா கலவன் விழுந்த அதே போகத்திலேயே தெரிஞ்சிடணுமே சார், தெரியாதே" என்றான். தவிட்டின் நிறம் இருப்பது கனி உறையில்; கனி உறை தாய்ச்செடியின் சூலகச் சுவர், அதாவது பூவின் பெண் பகுதியின் சுவர். அதனால் அந்த அரிசி வெள்ளைதான். அதை விதைத்து வரும் செடியில் அத்தனை அரிசியும் சிவப்பு, 3:1 தெரிவது அதற்கும் அடுத்த தலைமுறைச் செடிகளில். பட்டாணியில் உருண்டையும் சுருங்கலும் வித்திலையின் (விதைக்குள் இருக்கும் கருவின் இலை) பண்பு, புதுத் தலைமுறையுடையது, ஆகவே ஒரே காய்க்குள்ளேயே இரண்டும் கிடந்தன. இந்த வித்தியாசம் பிடிபட்டவன் எந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் மிரள மாட்டான்.

ஒன்று கவனியுங்கள், "ஓங்கு" என்ற சொல்லே ஆளைக் கவிழ்க்கும். ஓங்கு என்றால் வயலில் அதிகம் இருப்பது என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

பாடத்திட்டம் முடியாதே என்பீர்கள். இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரே பண்பைத் தீர்மானிக்கும்போது வரும் 9:7, 15:1, 12:3:1 என்று நீளும் பட்டியலில் இரண்டை மட்டும் வகுப்பில் எடுங்கள், மிச்சத்தை அவர்களே கட்டம் போட்டுக்கொண்டு வரட்டும்.