ஆனி மழையில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கலாமா?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரிச் செம்மண். ஜூலை 9 ராத்திரி இடியோடு நல்ல மழை. உடனே மல்லாட்டை விதைத்துவிடலாம் என்கிறேன் நான். அப்பா, "ஆடிப்பெருக்கு கழியட்டும்" என்கிறார். சென்னையில் இருக்கும் மச்சானோ, தமிழ்நாட்டுக்கு மழையே ஐப்பசியில்தானே என்கிறார். என்ன செய்வது?

பதில்: மச்சானை முதலில் அனுப்பிவிடுவோம். அவர் சொல்வது கடலோரத்துக்குச் சரி. வேலூரில் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். கேரளா மாதிரி நாள் முழுக்கப் பெய்யாது. பகலெல்லாம் தரை காயும். சாயங்காலம் வங்கக் கடல் காற்று உள்ளே வந்து மேலைக் காற்றோடு முட்டும். மேகம் திரண்டு, ராத்திரி ஒரு மணி நேரம் இடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஏரிக்கு இந்தக் கரையில் சேறு, அந்தக் கரையில் புழுதி என்பதெல்லாம் இதனால்தான். ஒரு வேடிக்கை, வட இந்தியாவில் பருவமழை இடைவெளி விடும் நாட்களில்தான் நம் பக்கம் இந்த இடிமழை கூடும்.

அப்பா விஷயத்துக்கு வருவோம். ஆடிப்பட்டம் பொய்யில்லை. ஆனால் மல்லாட்டைக்கு நான் அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். படராமல் கொத்தாக நிற்கும் கொத்து ரகத்துக்கு 105 நாள் என்று வையுங்கள். இப்போதே விதைத்தால் அக்டோபர் 23 வாக்கில் பிடுங்கலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நேரம் அது. மேகம் பார்த்து இரண்டு நாள் முன்னே பின்னே தப்பிக்கலாம். ஆடிப்பெருக்கன்று விதைத்தால் நவம்பர் 16, கார்த்திகையே பிறந்துவிடும். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொத்து ரகத்தில் முற்றிய காய் ஈரத்தில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். கொடியையும் காயவைக்க முடியாது, மாட்டுக்கும் ஆகாது.

விதைக்கும் முன் ஒன்று பாருங்கள். நிலத்தில் மூன்று இடத்தில் மண்வெட்டியால் வெட்டுங்கள். ஒரு சாண் ஆழம் வரை மண் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிர வேண்டும். மேலே நாலு விரல்தான் நனைந்திருக்கிறது என்றால் இன்னொரு மழைக்குப் பொறுங்கள்; அரை ஈரத்தில் முளைத்தது வாடிவிடும், விதைப்பருப்பு விற்கும் விலையில் இரண்டாம் முறை வாங்க முடியாது.

முளைத்தபின் இருபது நாள் வானம் வெளுத்தால் பதறாதீர்கள், பயிர் தாங்கும், வேரும் கீழே இறங்கும். பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும் 40, 45-ஆம் நாளில்தான் ஈரம் கட்டாயம். அப்போதே ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். அதற்கப்புறம் களைக்கொட்டு வேண்டாம்.

ஜூலை முழுக்க ஈரம் சேரவில்லையா? மல்லாட்டையை விட்டுவிட்டு, புரட்டாசியில் கொள்ளு தெளியுங்கள். ரகம் எது என்பதை விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள்.